டயருக்கு வைத்த கல்

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லாரிக்குப் பிரேக் சரியில்லை என்பது மேனேஜர் பெரிய தொரையிலிருந்து கூலிகள் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் கிளீனர் மாயழகு வண்டியில் எப்போதும் ஒரு கருங்கல் வைத்திருந்தான். மேட்டில் லாரி நின்றால் குதித்திறங்கி அதைப் பின்டயருக்கு அண்டக் கொடுப்பான்.

ஒரு மழைநாளில், மேட்டு வளைவில் கல் வைக்கக் குனிந்தவன் மேலேயே லாரி பின்னுக்கு உருண்டது.

அகாலமாகச் செத்தவருக்கு விழுந்த இடத்திலேயே கல் நடுவது தோட்டத்து மக்களின் வழக்கம். அவன் மனைவி காளியாயி வேறு கல் தேடவில்லை. அவன் கையில் கடைசியாக இருந்ததையே அந்த வளைவில் நட்டு, மஞ்சள் பூசிக் கும்பிட்டாள்.

செத்தவனின் கவனக்குறைவு என்று தோட்டத்து ஆபீஸ் எழுதி முடித்துவிட்டது. நஷ்டஈடு கேட்கலாம் என்று சங்கத் தலைவர் அவளை ஹட்டனில் வக்கீலான ஒரு புரக்டரிடம் கூட்டிப்போனார்.

"பிரேக்கை மறுநாளே மாத்திட்டாங்க. சாட்சி சொல்ல டிரைவர் பயப்படுறாரு. டயர் பட்டுத் தேஞ்ச அந்தக் கல்லுதான் மிச்சம். பிடுங்கிட்டு வாங்கம்மா, கோர்ட்டுல காட்டலாம்" என்றார் புரக்டர்.

காளியாயி எழுந்துகொண்டாள்.

"அதுலதாங்க அவரு இருக்காரு. பிடுங்கினா எங்க போவாரு?"

ஊருக்கே தெரிந்த பிரேக், கோர்ட்டுக்குத் தெரியாமலே போயிற்று.

அப்புறம் அந்த வளைவில் எல்லா லாரியும் நிற்கத் தொடங்கியது. டிரைவர்மார் இறங்கி, மாயழகைத் துணைக்குக் கூப்பிட்டுக் கற்பூரம் கொளுத்துவார்கள். அதற்கு முன்னால் கிளீனர் குதித்திறங்கி, பின்டயருக்கு ஒரு கல்லை அண்டக் கொடுப்பான்.