அத்தை நாக்கால் எடுத்த உமி

எங்கள் ஊரில் கண்ணில் தூசி விழுந்தால் யாரும் தண்ணீரைத் தேட மாட்டார்கள். என் அத்தையைத் தேடுவார்கள். அப்பாவின் அக்கா. இமையை இரண்டு விரலால் விரித்து, நாக்கு நுனியை உள்ளே விட்டு ஒரு துழாவு துழாவினால் தூசி நாக்கோடு வந்துவிடும். அத்தையை வேண்டாம் என்று சொன்னவர் ஊரில் கிடையாது. அவள் பரிமாறிய சோற்றை இலையோடு தள்ளிவிடுவதும் அதுவும் ஒன்றுதான்.

வருஷம் ஐம்பத்து மூன்றோ நாலோ, கன்னிப்பூ நெல் அறுப்பு நேரம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று களத்தில் சுழன்று அடித்தது. நெல் தூற்றிக்கொண்டிருந்த என் வலக்கண்ணில் உமி விழுந்தது. அப்போது சர்க்கார் பஸ்ஸில் டிரைவர் வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வண்டி ஓட்டிக் காட்டியாயிற்று. இரண்டு மாதத்தில் கண் பரிசோதனை, அது ஒன்றுதான் பாக்கி. அந்த நினைப்பில் கண்ணைக் கசக்காமல் கிணற்றடிக்குப் போகப் பார்த்தேன். விட்டால்தானே? அதற்குள் யாரோ ஓடிப்போய் அத்தையைக் கூட்டி வந்துவிட்டார்கள்.

அத்தை காய்ச்சலில் கிடந்து எழுந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம், நீர் கோத்துப் பளபளத்தது. பார்த்ததும் எனக்குக் குமட்டியது. சொன்னேனா? சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதுத் தடியன், நாளைக்கு பஸ் ஓட்டப் போகிறவன், கண்ணைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றேன். உமி வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

ஒரு வாரம் கழித்துக் கண் சிவந்தது. வெளிச்சம் பட்டால் நீராகக் கொட்டியது. மணலை அள்ளிப் போட்டமாதிரி உறுத்தல். உமியில் பாதி உள்ளேயே நின்றுவிட்டது என்று ஊரே தீர்ப்புச் சொன்னது. உள்ளே ஒன்றும் இல்லை என்று தொண்டை வறளக் கத்தினேன். என் கண்ணைப் பற்றி என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அத்தை மறுபடி வந்தாள். மறுபடி நாக்கு. நானும், என்னை என்ன சொல்ல, மறுபடி திறந்து காட்டினேன்.

அதற்கும் கேட்காமல் நாகர்கோவிலுக்குப் போனேன். அங்கே கண் டாக்டர் மஞ்சள் மருந்து ஒரு சொட்டு விட்டு விளக்கடித்துப் பார்த்தார். கருவிழியில் மரக்கிளை போலப் புண் ஓடியிருப்பதைக் காகிதத்தில் வரைந்து காட்டினார். காய்ச்சலில் உதட்டில் கொப்புளம் போடுகிற கிருமிதான் இதுவும், வீட்டில் யாருக்காவது அப்படி வந்ததா என்று கேட்டார். நாக்கு விஷயத்தைச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. பிறகு புண்ணில் அயோடினைத் தொட்டு வைத்து, கண்ணைக் கட்டி அனுப்பினார்.

புண் ஆறியது. கருவிழி நடுவில் பாலாடைத் துணுக்கு மாதிரி ஒரு தழும்பு நின்றுவிட்டது. பரிசோதனையில் இடக்கண்ணைப் பொத்தியதும் எதிரே இருந்த எழுத்துகள் எல்லாம் கரைந்துபோயின. வேலையும் போயிற்று.

அங்கிருந்து நேரே அத்தை வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை ஒன்றுவிடாமல் கொட்டினேன். கொப்புளம், கிருமி, கைவிட்டுப் போன வேலை, எல்லாம். முறத்தில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டாள்.

"ஒனக்கு அருவருப்பா இருந்துதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் மக்கா," என்றாள். "இருந்தும் மொகத்தத் திருப்பாம நின்னியே. அந்த சந்தோசத்துலதான் ரெண்டாவதும் வந்தேன்."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதன் பிறகு அவள் யார் கண்ணிலும் தூசி எடுக்கவில்லை. அதற்கும் ஊர் என்னைத்தான் திட்டியது. திட்டட்டும். என்னோடு பேசும்போதெல்லாம் அத்தை அந்த முந்தானையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.