மைதானத்தில் யாரும் இல்லை

கிளைடர் சத்தமே இல்லாமல் இறங்கும் என்பது பாதிதான் உண்மை. தாழ வரும்போது இறக்கையில் காற்று சீறும். அந்தச் சீறலைக் கேட்டு, ஓங்கிய மட்டையைக் கீழே இறக்காமலேயே ஒருவன் அண்ணாந்து நின்றதையும், மட்டைப் பிடியில் சுற்றியிருந்த சிவப்புத் துணியையும் மாமா மேலிருந்து பார்த்திருக்கிறார். அந்த நொடியை விவரிக்கும்போது அவர் குரல் ஏறாது, இறங்காது.

மாமா என் அம்மாவின் தம்பி. பட்டாபிராமுக்கு அப்பால் ஒரு பழைய ஓடுதளத்தில் இயங்கிய சிறு சங்கத்தில், எஞ்சின் இல்லாத அந்த விமானத்தை ஓட்டக் கற்றுத்தந்தார். சம்பவம் நடந்தது பங்குனி வெயிலில், ஒரு புதன்கிழமை. கிழமைகள் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை; இதில் கிழமைதான் எல்லாமே. செம்பரம்பாக்கம் பக்கம் போனவருக்கு மேலே தூக்கும் வெப்பக்காற்று கிடைக்காமல் போயிற்று. திரும்பிவர உயரம் போதாது. அப்படிப்பட்ட சமயத்தில் கிடைத்த வெட்டவெளியில் இறங்குவது அந்தத் தொழிலில் வழக்கம்தான். ஒரு தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டி மைதானம் தெரிந்தது. அதையடுத்துப் புல் மண்டிய நிலம். மைதானத்தை நோக்கியே இறங்கினார். வெகு தாழ்வாக வந்த பிறகுதான் அங்கே கிரிக்கெட் நடப்பது தெரிந்தது. ஆட்கள் ஓடவில்லை, வேடிக்கை பார்த்து நின்றார்கள். புல்வெளிப் பக்கம் திருப்பினார்.

மேலிருந்து பார்க்க வயல்போல் இருந்த அது, விற்பனைக்குப் பிரித்த மனைகள். புல்லுக்குள் முழங்கால் உயரத்தில் எல்லைக் கற்கள். ஒரு கல் சக்கரத்தைப் பிய்த்தது. அடுத்தது அடிப்பாகத்தைக் கிழித்து இருக்கையில் மோதியது. மாமாவின் முதுகெலும்பு அங்கே முறிந்தது.

ஆடியவர்கள் ஓடிவந்து, அக்குளில் கைகொடுத்து அவரை வெளியே இழுத்துப் போட்டார்கள். அப்படி இழுத்திருக்கவே கூடாது என்று பிறகு மருத்துவர் சொன்னார். அதற்குள் கால்கள் இரண்டும் செயலிழந்திருந்தன.

"இன்னா சார், அதுக்கு பிரேக்கு கீதா இல்லியா?" என்று ஒருவன் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்களாம். பயத்தில் வந்த சிரிப்பாகவும் இருக்கலாம். அதற்குள் தொழிற்சாலையில் சாப்பாட்டுச் சங்கு ஊதியது. "மச்சான், வா வா! சூப்பர்வைசர் தலை எண்ணுவான்." சுவர் ஏறிக் குதித்து எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். சாலையில் போன யாரோ வந்து பார்க்கும்வரை மாமா வெயிலில் தனியாகக் கிடந்தார்.

விபத்து விசாரணையில் ஒரே கேள்விதான். பக்கத்தில் காலி மைதானம் இருக்க, கல் நட்ட மனையில் ஏன் இறங்கினீர்கள்? ஆட்கள் இருந்தார்கள் என்றார் மாமா. தொழிற்சாலை அனுப்பிய பதிலோ, அன்று வேலைநாள், ஊழியர்கள் அனைவரும் பணியில் இருந்தார்கள், மைதானத்தில் யாரும் இல்லை என்றது. கால் போனவருக்கு இனி இதெல்லாம் எதற்கு என்று உறவினர்கள் கேட்டார்கள். யாராவது ஒருவர் "நாங்கள் அங்கே இருந்தோம்" என்று சொன்னால் போதும் என்பதைத் தவிர மாமா வேறெதுவும் கேட்கவில்லை.

சிவப்புத் துணிக்காரனை விசாரித்துக் காட்டுப்பாக்கத்தில் கண்டுபிடித்தோம். அணியின் கேப்டன் அவன்தான். மாமாவின் மனைவியான அத்தையும் நானும் போனோம்.

"தம்பி, அங்க இருந்தேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்தா போதும்ப்பா."

"இன்னாக்கா நீ! வேலைக்கு வந்ததா கார்டு அடிச்சிட்டு செவுரு எகிறினேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? அடுத்த நாளே தொரத்திடுவான். அவுருக்குக் கால் போச்சு, செரி. எனக்குச் சோறும் போவணுமா?" பிறகு தணிந்த குரலில், "நல்ல மனுசன்க்கா அவுரு. திருவேற்காட்டு அம்மன்கிட்ட வேண்டிக்கினு கீறேன்" என்றான்.

அவன் சொன்னதில் பொய் ஏதும் இல்லை.

இடத்தைத் தவறாகத் தேர்ந்தது விமானியின் பிழை என்று தீர்ப்பு வந்தது. அதன் பிறகு சங்கத்தின் வகுப்புகளில், எங்கே இறங்கக் கூடாது என்பதற்கு மாமாவின் பெயரைத்தான் உதாரணமாகச் சொன்னார்கள். அவரிடம் படித்தவர்களே அந்த வகுப்பை எடுத்தார்கள்.

இப்போது அந்த மனைகள் முழுக்க வீடுகள். தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்ற அந்தக் கேப்டனும் அங்கேயே ஒரு வீடு கட்டி, கிரகப்பிரவேசத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார். எனக்கு விருப்பமில்லை. "போகணும்" என்றார் மாமா. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். பந்தி முடிந்து எல்லோரும் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது கேப்டன் ஆரம்பித்தார்.

"இந்த எடத்துக்கு ஒரு ஹிஸ்டரி கீது, தெர்யுமா? தோ, நம்ம பைலட்டு சாரு! ஒரு ஞாயித்துக்கெழம நாங்க அங்க மேட்ச் ஆடிகினு இருந்தோம். தலைக்கு மேல வந்துட்டாரு. எங்களப் பாத்துட்டு அப்டியே இந்தாண்ட ஒடிச்சாரு பாரு! இல்லாங்காட்டி நான் ஏது, இந்த ஊடு ஏது?"

"புதன்கிழமை" என்றேன்.

"ஆங், புதன், புதன்! கார்டு அடிச்சிட்டு எகிறினோமே, மறந்தே பூட்டேன்!" பந்தலே சிரித்தது.

மாமா சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி சொல்லுப்பா" என்றார்.

கதை அவருக்குப் பிடித்துவிட்டது என்று கேப்டனுக்கு ஏக மகிழ்ச்சி. பின்வரிசைக்கும் கேட்கும்படி எழுந்து, இரண்டு கைகளையும் இறக்கைபோல் விரித்து, "புதன்கெழம நாங்க அங்க மேட்ச் ஆடிகினு இருந்தோம்" என்று முதலிலிருந்து சொன்னார். இந்த முறை, மாமாவைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிவரை ஓடியதும் தானே என்று சேர்த்துக்கொண்டார். மாமா தலையாட்டிக்கொண்டே இருந்தார்.