கேட்டருகே வைத்த கிறிஸ்மஸ் மரம்

வேலை முடிந்து வந்ததும் வீட்டு முன்னால் நாற்காலி போட்டுத் தேநீர் குடிப்பேன். ஆனால் தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பேச்சுக் கொடுப்பார்கள். எனக்கோ பேச வராது. மறைப்புக்கு ஒரு மரம் வைக்கலாம் என்று நினைத்தேன்.

ஆயர் ஈத்தாமில் செடி விற்கும் சீன அக்காவிடம், எப்போதும் பச்சையாக, அடியிலிருந்தே அடர்த்தியாக இருக்கும் மரம் கேட்டேன். ஊசி இலையுள்ள, கூம்பு மாதிரி ஒரு மரத்தைக் கொடுத்தார். "ரொம்பப் பெரிசா வளரும், சுவரை விட்டுத் தள்ளி வை" என்று மலாயில் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்து, கேட்டை ஒட்டியே நட்டேன்.

உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அது கீழே அகலம், மேலே குறுகல். என் முழங்கால் மறைந்தது. முகம் மறையவில்லை.

டிசம்பரில் மாதா கோயில் பாட்டுக் குழு தெருவுக்கு வந்தது. கிதாரோடு பதினைந்து பேர் நேராக எங்கள் கேட்டில் நின்றார்கள்.

"அண்ணே, இந்தத் தெருவுலயே உங்க வீட்லதான் கிறிஸ்மஸ் மரம் இருக்கு. பாடாம போவமா?"

நாங்கள் இந்துக்கள் என்று சொல்ல நினைத்தேன். "உள்ள வாங்க" என்றுதான் வாயில் வந்தது. முருகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து மூன்று பாட்டுப் பாடி, தீபாவளிக்குச் செய்ததில் மிச்சமிருந்த முறுக்கையும் முடித்தார்கள்.

"ஆள் வராம இருக்கத்தானே மரம் வெச்சீங்க?" என்றாள் மனைவி.

மறுநாள் நாற்காலியைப் பின்பக்கம் கொண்டுபோனேன். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, நேத்து உங்க வீட்ல ஒரே பாட்டாமே? சொல்லுலா, கேப்போம்!"