அருள்பிரகாசத்தின் அழுக்கு வேகன்

அருள்பிரகாசம் எண்ணூர்ப் பக்கம் ஒரு நிலக்கரி யார்டில் முப்பத்துநாலு வருஷம் சரக்கு வேகன்களுக்குப் பெயின்ட் அடித்தவர். முழு வேகனுக்கும் அடித்ததாக நினைத்துவிடாதீர்கள். பெரிய அதிகாரி பார்வையிட வருகிற நாளில், அவர் நடந்து வரும் பக்கம் மட்டும் பளபளக்கும். மறுபக்கத்தைத் துரு பார்த்துக்கொள்ளும்.

ரிட்டயரானதும் ராயபுரத்து வீட்டில் முழ நீளத்துக்கு மாடல் வேகன்கள் செய்ய ஆரம்பித்தார். புது வேகனைப் பழசாகக் காட்டுவதுதான் அதில் பெரிய வேலை. துருவுக்குக் காவி பெயின்ட்டை ஸ்பாஞ்சால் ஒற்றுவார். அதன்மேல் தூவுகிற கரித்தூளை வெளிநாட்டில் டப்பாவில் போட்டு விற்கிறார்களாம். நமக்கு அந்தக் கவலை இல்லை, காற்றே வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டுவிடும். அதற்காக ஒரு ஜன்னலை மட்டும் துடைக்கக் கூடாது என்று மனைவி ஆலிஸுக்கு உத்தரவு.

"ஊரே கரிய தொடச்சிகினு கீது, நீ பிரஷ் வச்சி பூசிகினு கீற," என்பார் ஆலிஸ்.

போன மாதம் அந்த யார்டின் ஆண்டு விழாவில் அவருடைய வேகன் ஒன்றைக் காட்சிக்கு வைத்தார்கள். நானும் போயிருந்தேன். நிஜ வேகனைச் சுருக்கி வைத்த மாதிரி, இரண்டு பக்கமும் அப்படியொரு துரு, அப்படியொரு கரி. மேனேஜர் வந்து பார்த்து முகம் சுளித்தார்.

"என்னங்க, இவ்வளவு அழுக்கா இருக்கு? இன்னும் ஒரு மணி நேரத்துல சேர்மன் வந்துடுவாரு. நீட்டா பெயின்ட் அடிச்சு வைங்க."

மூணு மாச உழைப்பு. எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அருள்பிரகாசம் சண்டை போடவில்லை. பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பணிவாகக் கேட்டார்:

"சேர்மன் எந்தப் பக்கமா வருவாரு, சார்?"