தடித்த தாளில் செய்த கப்பல்

பிள்ளைகளுக்குக் கடதாசிக் கப்பல் செய்து கொடுக்கும் தாய்மாருக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் லுணுகலைப் பக்கம். ஒரு ஞாயிறு, விடாத மழை. லயத்து அறைக்குள் அடைந்து கிடந்த மகள் அழுதாள். பத்திரிகைத் தாளில் கப்பல் செய்து வாசல் கானில் ஓடிய மழைத் தண்ணீரில் விட்டேன். ஊறி மூழ்கிவிட்டது.

"தடிச்ச கடதாசியில செஞ்சு தாங்கம்மா" என்றாள்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். தகரப்பெட்டியின் அடியில் ஒரு தடித்த தாள் கிடந்தது. எனக்குத் தமிழ்தான் வாசிக்கத் தெரியும். அது இங்கிலீஷில் இருந்தது. ஏதோ பழைய கடிதம் என்று எண்ணி மடித்தேன். கப்பல் அழகாக மிதந்து ஆற்றுப் பக்கம் போனது. இருவரும் கைதட்டினோம்.

அடுத்த மாதம், பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வீட்டுக்காரர் பெட்டியைக் கிளறினார். அது மாமனாரின் பிறப்புப் பத்திரமாம்.

"அப்பா இந்த நாட்டுலதான் பொறந்தாருன்னு காட்ட அது ஒண்ணுதானே புள்ள இருந்துச்சு!"

பிரதி கேட்டு அலைந்தும் கிடைக்கவில்லை. அவர் என்னை ஏசவே இல்லை, ஏசியிருக்கலாம்.

இப்போது வாழை மட்டையில்தான் கப்பல் செய்கிறோம். இங்கிலீஷ் கடதாசி எது வந்தாலும் தோட்டத்து வாத்தியாரிடம் வாசிக்கக் கொடுக்கிறேன். முதலில் கொடுத்தது, எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று வந்த கடிதத்தை. அதுவும் தடித்த தாள்தான். பத்திரமாக வைத்திருக்கிறேன்.