சுண்ணாம்பு தடவாத கலயம்

எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். மண்டைக்காட்டுப் பக்கம் பனையேறிக்கொண்டிருந்தேன். கள் குடித்துக் குடும்பத்தைச் சீரழித்து, ஒருவழியாகக் குடியை விட்டிருந்தேன். தொழிலை விட முடியுமா? கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் ஊறுவது அக்கானி என்னும் இனிப்புப் பதநீர், தடவாவிட்டால் கள். எனக்கும் கள்ளுக்கும் நடுவில் இருந்தது அந்த வெள்ளைப் பூச்சு மட்டும்தான்.

ஒருநாள் காலை, பனை உச்சியில் ஒரு கலயத்தை அவிழ்த்தால் நுரை பொங்கியிருந்தது. புளித்த வாடை மூக்கில் ஏறியதும் வாயில் எச்சில் ஊறியது. அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்? ‘மறந்துபோய்ச் சுண்ணாம்பு தடவாமல் கட்டிவிட்டோம்’ என்று சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. முந்தின நாள் மாலை, சுண்ணாம்பு கையில் இருக்கும்போதே அந்த ஒரு கலயத்தை மட்டும் அப்படியே கட்டியிருந்தேன்.

பயத்தில் மரத்தை இறுகக் கட்டிக்கொண்டு, “ஏட்டி!” என்று கத்தினேன். கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்த என் மனைவி ஓடி வந்தாள்.

“இதுல கள்ளு கெடக்கு. நான் எறங்குற வரைக்கும் போயிராத.”

“அங்கயிருந்தே கவுத்துங்க. நான் பாத்துட்டுதான் நிக்கேன்.”

கவிழ்த்தேன்.

அன்று மாலை முதல் எல்லாக் கலயத்துக்கும் அவளே கீழே சுண்ணாம்பு தடவித் தந்தாள். “பெண்டாட்டிட்ட கேட்டுட்டா பனையேறுவ?” என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். “ஆமா” என்றேன்.

கள்ளை விட்டவன் என்று ஊரார் சொல்கிறார்கள். சுண்ணாம்புப் பெட்டியை மட்டும் இன்றுவரை நான் கையில் வாங்கியதில்லை.