செல்வி அக்காவின் பட்டர்புரூட் மரம்

மஸ்கெலியாவில் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டு வாசலில் மழைத் தண்ணீர் தேங்கியதால், அது வடியக் கான் வெட்டிப் பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன். அங்கே செல்வி அக்காவின் பட்டர்புரூட் மரம் நின்றது. இறந்துபோன அவருடைய மகள் நட்ட மரம்.

மழை விட்டதும் இலைகள் வாடின. தாகம் என்று நினைத்து அக்கா தினமும் வாளி வாளியாக ஊற்றினார். கடைசியில் விவசாய அதிகாரி வந்து தோண்டிப் பார்த்தார். வேர்கள் கறுத்து அழுகியிருந்தன.

"தண்ணி தேங்கினா அதுல பரவுற பூஞ்சணம் வேரைத் தின்னுடுங்க. இனிப் பிழைக்காது."

"ஐயோ, நான்தானே ஊத்தி ஊத்திக் கொன்னுட்டேன்!" என்று அக்கா மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். "அக்கா, கானை இந்தப் பக்கம் திருப்பினது நான்தாங்க."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார்.

கான் வெட்டியது தெரியாமல் செய்த தவறு. அந்த இரண்டு நாள் மௌனம் அப்படியல்ல.